முதல் ஏர் ரைபிள்: வீட்டாரோடு 10 மீட்டர் குறி பழக எதை வாங்குவது

கடையில் நின்றால் முதலில் காதில் விழுவது, ஈய ரவை எவ்வளவு வேகமாகப் போகும் என்ற பேச்சுதான். வீட்டார் சேர்ந்து குறி பழக அது முதல் கணக்கே இல்லை. சுடப்போகிறவர்களில் கைவலு குறைந்தவர் யாரோ, அவரால் இருபது தடவை மடக்கி ஏற்ற முடிகிற துப்பாக்கியை வாங்குங்கள்.

குறைந்த செலவுக்கு ஏற்றது, குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகம். பம்ப்பும் வேண்டாம், கேஸ் குப்பியும் வேண்டாம். குழல் 4.5 மி.மீ., அதாவது .177 அங்குலம் போதும். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மி.மீ.க்கும், ரவை வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாள அட்டை நகலோடு போங்கள்; பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

அரை கிராம் ரவை விநாடிக்கு 170 மீட்டரில் போனால் சுமார் 7 ஜூல். 10 மீட்டரில் குறி அட்டையைத் துளைக்க அதுவே தாராளம். ஸ்பிரிங் பலமாக ஆக, மடக்கத் தோள் வலிக்கும், உதைப்பு கூடும், பழகாத கையில் ரவை சிதறும்.

"அண்ணாச்சி, மடக்கிப் பார்க்கட்டுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டு, விசையில் விரல் வைக்காமல் குழலைப் பாதி மடக்கி, விடாமல் பிடித்துக்கொண்டு, ரவை போடும் பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கி உள்ளே பாருங்கள். திருகு வரிகள் தெளிவாகச் சுற்றிப் போக வேண்டும். உள்ளே மொழுமொழுவென்று இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். சுழலாத ரவை நேரே போகாது. பிறகு மூடி, குழலைப் பக்கவாட்டில் அசையுங்கள். மூட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு தடவை மூடும்போதும் குறி இடம் மாறும். முழங்கையை மடக்கி, கட்டையின், அதாவது தோளில் முட்டும் பாகத்தின், அடியை மடிப்பில் வைத்தால் விரல் நுனி விசையை எட்ட வேண்டும்.

டெலஸ்கோப்புக்குக் காசைப் போடாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும். மலிவான டெலஸ்கோப் அதில் கலகலத்துப்போகும். அந்தப் பணத்துக்குத் தட்டை மூக்கு ரவை வாங்குங்கள். அட்டையில் வட்டமாக வெட்டினாற்போல் துளை விழும். பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கிய ரவையை ஒதுக்கிவிடுங்கள்.

இறுக்கிப் பிடித்தால் குறி தவறும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்க விடுங்கள். ஐந்து ரவையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் (27 மி.மீ.) அடங்கிய பிறகே பின்குறியை, அதாவது கண்ணுக்கு அருகிலுள்ள குறிகாட்டியை, திருகுங்கள், ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். நேற்றுவரை அடங்கியது இன்று சிதறினால் முதலில் கட்டைத் திருகாணிகளைப் பாருங்கள், பெரும்பாலும் தளர்ந்திருக்கும். சுட்டதும் புகையும் வெடிச்சத்தமும் வந்தால் உள்ளே எண்ணெய் கூடிவிட்டது என்று பொருள். ரவை இல்லாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டன் மோதி வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். ரவை போடும்போது மறு கை குழலை விடவே கூடாது. தவறி விசை பட்டால் குழல் படீரென்று மூடி விரலை நசுக்கிவிடும்.

விளையில் பனை நிற்கிறதே என்று அதில் அட்டையை ஆணியடிக்காதீர்கள். வைரம் பாய்ந்த பனையும் கல்தூணும் ரவையை உங்கள் முகத்துக்கே திருப்பும். 40 செ.மீ. மரப்பெட்டியில் கல்லில்லாமல் அரித்த மணலை 20 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பி, முன்னால் பழைய சாக்கைக் கட்டி, அதன்மேல் அட்டையைக் குத்துங்கள். பின்னால் நடமாட்டம் இல்லாத மண்திட்டு இருக்க வேண்டும்; தவறிய ரவை 200 மீட்டருக்கு மேலும் போகும். எல்லோருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி, பிள்ளைகள் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர்.

ஆனி, ஆடியில் நெல்லை மாவட்டத்துப் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை சுழலும் காற்றில் பழக்கம் சரிவராது. அட்டையும் ஆடும், கையும் ஆடும். விடிந்ததும், காற்று ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

மயில், கொக்கு, அணில் எதையும் குறிபார்க்க விடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலைச் சுடுவது பெருங்குற்றம். கூந்தன்குளத்தில் ஊரே சேர்ந்து பறவைகளைக் காக்கிற சீமை இது. பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரவை ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பலகாரத்தைத் தொடக் கூடாது. பெட்டி மணலை மாதம் ஒருமுறை அரித்து ஈயத்தைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். கோழி கொத்தும் முற்றத்தில் ஒரு ரவைகூடக் கிடக்க வேண்டாம்.