அருங்காட்சியகப் பதிவுகளில் முன்னோடிப் பெண் அறிவியலாளர்களைத் தேடுவது எப்படி?

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் உழைத்த முன்னோடிப் பெண் அறிவியலாளர் ஒருவரைப் பற்றி ஆராயப் புகுபவர்கள் முதலில் ஊழியர் பட்டியலைப் புரட்டுவார்கள். பல நேரங்களில் அங்கே ஒன்றும் அகப்படாது. பதவியைத் தேடுவதை விட்டுவிட்டு, வேலையின் தடத்தைப் பிடித்துச் செல்வதே பயன் தரும்.

உயிரினப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். அட்லாண்டிக் கரையோர நீல நண்டின் அறிவியல் பெயர் 'காலினெக்டஸ் சாபிடஸ் ராத்பன், 1896' என்று எழுதப்படுகிறது. இறுதியில் ஆண்டுக்கு முன் நிற்பது அந்த இனத்தை முதலில் விவரித்த மேரி ஜேன் ராத்பனின் குடும்பப் பெயர். அதை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது என்பதோடு, அவருடைய அண்ணன் ரிச்சர்டும் அவர் பணியாற்றிய வாஷிங்டன் அருங்காட்சியகத்திலேயே இருந்தவர் என்பதால், மூலக் கட்டுரையை எடுத்து முதலெழுத்துகளைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, வெளியீடுகளின் ஆண்டுகளைப் பணிப்பதிவோடு ஒப்பிடுங்கள். உதவியாளர் ஒருவரை அமர்த்தப் பணம் வேண்டும் என்பதற்காக ராத்பன் 1914இல் தம் சம்பளப் பதவியைத் துறந்தார். ஆனால் அதன் பிறகும் ஊதியமின்றி நண்டுகளை ஆராய்ந்து பெரிய நூல்களை வெளியிட்டார். பணிப்பதிவை மட்டும் நம்பினால் அந்த உழைப்பு முழுவதும் கண்ணில் படாமலே போகும்.

கணக்கேடுகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். 1898இல், 19 வயதில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவைத் தோல்களை வகைப்படுத்தும் வேலையில் சேர்ந்த புதைபடிவ ஆய்வாளர் டோரதியா பேட், பிற்பாடு சுத்தம் செய்து தந்த புதைபடிவங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி பெற்றார். இத்தகையவர்களின் பெயர் சில்லறைச் செலவுச் சீட்டுகளில் இருக்கக்கூடும்.

ஒரு பெயர் திடீரென்று நின்றுபோனால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் திருமணப் பதிவைப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசுப் பணியில் மணமான பெண்கள் பதவி விலக வேண்டும் என்ற விதி 1946 வரை பொதுவாக நடைமுறையில் இருந்தது. சிலர் கணவரின் குடும்பப் பெயரில் தொடர்ந்து எழுதியிருக்கலாம்.

கடைசியாக, சேகரித்து வைத்த உயிரின மாதிரிகளோடு இணைத்திருக்கும் விவரச் சீட்டுகளைப் பாருங்கள். சேகரித்தவர், இனத்தை உறுதி செய்தவர், சீட்டை எழுதியவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. அச்சிட்ட பெயர் துறைத்தலைவருடையதாகவும் கையெழுத்து வேறொருவருடையதாகவும் இருக்கலாம். ஆகவே நீங்கள் தேடும் பெண் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தின் சுழிப்பையும் எண்களின் வடிவத்தையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.