ஒரே 'நிறுத்து', இரண்டு வகை பிராசசர்: பொது டிபக் இடைமுகம் கட்டிப் பார்ப்போம்

அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு போர்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒன்றில் ஆர்ம் பிராசசர், மற்றதில் ரிஸ்க்-ஃபைவ். "மாமா, இதுக்கு எழுதின டிபக் ஸ்கிரிப்ட் அதுல ஓட மாட்டேங்குது. ரெண்டுக்கும் தனித்தனியா எழுதணுமா?"

வேண்டாம். (டிபக் என்றால், ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடுவது.) சிங்கப்பூரில் எந்தக் காப்பிக் கடையில் போய் "தே ஓ கோசோங்" என்றாலும் பாலும் சீனியும் இல்லாத தேநீர் வந்துவிடும். கடைக்காரர் எந்தத் தூளைப் போட்டார், எப்படி வடித்தார் என்பது அவர் பாடு. நமக்கு வேண்டியதும் இதுதான். மேலே ஒரே சொல், கீழே பிராசசருக்கு ஏற்ற வேலை. (செயலி என்று எழுதலாம்தான். ஆனால் இப்போது செயலி என்றாலே கைப்பேசி ஆப் என்று ஆகிவிட்டது. அதனால் பிராசசர் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

"ஓப்பன்ஓசிடி இதைத்தானே செய்கிறது?" என்று கேட்பீர்கள். ஆமாம். 2005இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஒரு மாணவரின் டிப்ளமா ஆய்வாகத் தொடங்கிய மென்பொருள் அது. நாமும் சின்ன அளவில் ஒன்றைக் கட்டிப் பார்த்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பிடிபடும்.

படி 1: போர்டும் கம்பியும்

இரண்டு வெவ்வேறு போர்டு தேவையில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ 2 ஒன்று போதும். அதிலுள்ள ஆர்பி2350 சிப்பில் கார்டெக்ஸ்-எம்33 என்ற ஆர்ம் கோர் (ஆணைகளை ஓட்டும் பகுதி) இரண்டும் ஹசார்ட்3 என்ற ரிஸ்க்-ஃபைவ் கோர் இரண்டும் இருக்கின்றன. எந்த வகைக்கான புரோகிராமை ஏற்றுகிறோமோ அந்த வகைக்கு சிப் தானே மாறிக்கொள்ளும். இந்தப் பாடத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

கூடவே பழைய பிக்கோ ஒன்று. அதில் டிபக்புரோப் என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றினால் அதுவே டிபக்கர் கருவியாகிவிடும். ஜம்பர் கம்பியும் ஹெடர் பின்னும் சிம் லிம் டவரில் வாங்கிக்கொள்ளலாம். பழைய பிக்கோவின் ஜிபி2 பின்னை புதியதன் எஸ்டபிள்யூகிளாக்குக்கும் (கிளாக் முனை), ஜிபி3 பின்னை எஸ்டபிள்யூடிஐஓவுக்கும் (தரவு முனை), தரையை (கிரவுண்ட்) தரைக்கும் இணையுங்கள். பிக்கோவின் மூன்று டிபக் முனைகளில் நடுவில் இருப்பது தரை. இதை மறந்து குழம்புகிறவர்கள் அதிகம்.

கணினியில் ஓப்பன்ஓசிடியை ஓட்டுங்கள். கம்பி வேலையை அது பார்த்துக்கொள்ளட்டும். அதன் 6666 எண் நெட்வொர்க் போர்ட்டில் பைத்தானிலிருந்து கட்டளை அனுப்பலாம். ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும் 26 என்ற மதிப்புள்ள பைட் ஒன்றைச் சேர்க்க வேண்டும், பதிலும் அதே பைட்டோடுதான் முடியும். முதல் கட்டளையாக 'போல் ஆஃப்' அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நாம் ஒரு பக்கம் கோரை நிறுத்த, ஓப்பன்ஓசிடி இன்னொரு பக்கம் நிலையை விசாரித்துக்கொண்டே இருக்கும்.

படி 2: காகிதத்தில் இரண்டு பத்தி

புரோகிராம் எழுத அவசரப்படாதீர்கள். ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஆர்ம், வலப்பக்கம் ரிஸ்க்-ஃபைவ் என்று எழுதுங்கள். 'நிறுத்து' என்ற ஒரே வேலையை இரண்டிலும் எழுதிப் பார்ப்போம். (எளிமைக்காக முதல் கோரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

ஆர்மில் டிஎச்சிஎஸ்ஆர் என்ற ரெஜிஸ்டர் (ஒரு எண்ணை வைத்திருக்கும் சிறு இடம்), மற்ற நினைவகம் போலவே ஒரு முகவரியில் இருக்கிறது. அதன் மேல் 16 பிட்டில் ஏ05எஃப் என்ற ஹெக்ஸ் (16 அடிமான எண்; இனி ரெஜிஸ்டரில் எழுதும் எண்களெல்லாம் ஹெக்ஸ்தான்) சாவியைப் போட்டால்தான் எழுதுவதை ஏற்கும். கீழே பிட் 0 டிபக்கை இயக்கும், பிட் 1 நிறுத்தும். ஆக, ஏ05எஃப்0003 என்று எழுத வேண்டும். கோர் நின்றுவிட்டதா என்பதை அதே ரெஜிஸ்டரைப் படித்து பிட் 17இல் பார்க்க வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவில் கோருக்கு வெளியே டிபக் மாட்யூல் என்று தனியாக ஒன்று உண்டு. அதன் ஹெக்ஸ் 10 முகவரியிலுள்ள டிஎம்கன்ட்ரோலில் 80000001 எழுதினால் நிறுத்தக் கோரிக்கை போகும். நின்றதா என்பதை ஹெக்ஸ் 11இல் உள்ள டிஎம்ஸ்டேட்டஸின் பிட் 9 சொல்லும். மறுபடி ஓடவிட 40000001. ஒன்றைக் கவனியுங்கள்: நிறுத்தக் கோரிக்கை பிட் இன்னும் 1ஆக இருந்தால் ஓடவிடும் கோரிக்கையை மாட்யூல் கண்டுகொள்ளாது. இரண்டு பிட்டையும் சேர்த்து வைத்துவிட்டு "ஏன் ஓடலை?" என்று அக்கா மகன் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டான். நான் தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

அடுத்து ஒரு ரெஜிஸ்டரைப் படிப்பது. ஆர்மில் டிசிஆர்எஸ்ஆர் என்ற ரெஜிஸ்டரில் 8 என்று எழுதி, டிஎச்சிஎஸ்ஆரின் பிட் 16 ஏறும்வரை காத்திருந்து, டிசிஆர்டிஆர் என்ற ரெஜிஸ்டரைப் படித்தால் ஆர்8 வந்துவிடும். ரிஸ்க்-ஃபைவில் ஹெக்ஸ் 17இல் உள்ள கமாண்ட் ரெஜிஸ்டரில் 00221008 எழுதி, ஹெக்ஸ் 16இல் 'வேலையாக இருக்கிறேன்' பிட்டான 12 இறங்கும்வரை காத்திருந்து, ஹெக்ஸ் 04ஐப் படித்தால் எக்ஸ்8. இரண்டு பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகவரி வேறு, எண் வேறு. நடை மட்டும் ஒன்றுதான்: கேள், காத்திரு, எடு.

படி 3: சொற்களைத் தேர்ந்தெடுப்பது

இப்போது பைத்தானில் 'கோர்' என்று ஒரு கிளாஸ். அதன் கீழே 'ஆர்ம்கோர்', 'ரிஸ்க்கோர்'. பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ஓடும். நான் வைத்த சொற்கள்: நிறுத்து, ஓட்டு, ஓரடி (ஒரே ஒரு ஆணையை மட்டும் ஓட்டுவது), ரீசெட், நிலை, ரெஜிஸ்டரைப் படி, எழுது, நினைவகத்தைப் படி, எழுது, பிரேக்பாயின்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடம்) வை, எடு. இதற்கு மேல் ஒன்று சேர்க்கத் தோன்றினால், 'இரண்டு பிராசசரிலும் இதற்கு ஒரே அர்த்தம் உண்டா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்மின் சாவி, ரிஸ்க்-ஃபைவின் கமாண்ட் எண் போன்றவை மேலே எட்டிப் பார்க்கவே கூடாது.

பன்னிரண்டாவதாக ஒன்று வேண்டும்: 'என்ன முடியும்'. பல ஆரம்பநிலை வடிவமைப்புகளில் இதுதான் விடுபடுகிறது. ஆர்மில் கோர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தைப் படிக்கலாம். ரிஸ்க்-ஃபைவில் கோரைத் தொடாமல் நினைவகத்துக்குப் போகும் பஸ் வழி போன்ற வசதி இருந்தால்தான் முடியும், இல்லாவிட்டால் கோரை நிறுத்தித்தான் படிக்க வேண்டும். பொது இடைமுகம் என்பதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் கோரை நிறுத்திப் படித்துவிட்டு மறுபடி ஓடவிடுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஓடும்போது முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

படி 4: கேட்டது வேறு, நடந்தது வேறு

இது என் சொந்தச் சூடு. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதே மாதிரி ஒரு இடைமுகம் எழுதினேன். ரெஜிஸ்டர் எண்ணை எழுதியதும் உடனே மதிப்பைப் படித்துவிடுவேன், தயார் பிட்டைப் பார்ப்பதில்லை. மேசையில் எல்லாம் சரியாகவே ஓடியது. அப்புறம் மின்சாரம் மிச்சம் பிடிக்க சிப்பை 32 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடவிட்டார்கள். கோர் மெதுவாகிவிட்டது, என் டிபக்கர் பழைய வேகத்திலேயே இருந்தது. பிசி (அடுத்து ஓட வேண்டிய ஆணையின் முகவரி) கேட்டால் அதற்கு முன் கேட்ட ரெஜிஸ்டரின் மதிப்பு வருகிறது. சக ஊழியரின் புரோகிராமில் ஸ்டாக் (தற்காலிக நினைவகப் பகுதி) கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு நாள் அதைத் துருவினேன். மூன்றாம் நாள் போய் அவருக்கு மதிய உணவு வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் 'நிறுத்து' என்பது பிட்டை எழுதியதோடு திரும்பக் கூடாது. நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் நிற்கவில்லை என்றால் பிழை. 'நிலை'யும் ஓடுகிறது, நிற்கிறது என்று இரண்டோடு போதாது. 'ரீசெட்டில் இருக்கிறது', 'பதில் இல்லை' இரண்டும் வேண்டும்.

பிழையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவில் ஒரு கமாண்ட் தோற்றால் ஹெக்ஸ் 16இல் பிழை எண் ஒட்டிக்கொள்ளும். அதே இடத்தில் 700 எழுதித் துடைக்கும்வரை அடுத்த கமாண்ட் எதுவும் நடக்காது. ஆர்மின் எஸ்டபிள்யூடி என்ற டிபக் கம்பி முறையிலும் ஒட்டும் பிழைகள் உண்டு, அவற்றை அபார்ட் ரெஜிஸ்டர் வழியாகத் துடைக்க வேண்டும். பிழையைத் துடைப்பது கீழ் அடுக்கின் வேலை, அதை மேலே சொல்வதும் அதன் வேலைதான்.

படி 5: பெயரளவில் ஒன்று

பிசி இரண்டிலும் உண்டு. ஆனால் ஆர்மில் அது 15ஆம் எண். ரிஸ்க்-ஃபைவில் டிபிசி என்ற சிஎஸ்ஆர் (கட்டுப்பாடு, நிலை ரெஜிஸ்டர்). எக்ஸ் வரிசை ரெஜிஸ்டர்களைப் படிக்க வழி தருவது மட்டுமே தரத்தில் கட்டாயம். சிஎஸ்ஆரைக் கேட்டால் சில கோர்கள் பிழை எண் 2, அதாவது 'ஆதரவில்லை' என்று கைவிரித்துவிடும். அப்போது சிஎஸ்ஆரை எக்ஸ்8க்கு நகர்த்தும் ஆணையை ஹெக்ஸ் 20இல் உள்ள புரோகிராம் பஃபரில் வைத்து ஓட்டி, பிறகு எக்ஸ்8ஐப் படிக்க வேண்டும். எக்ஸ்8இன் பழைய மதிப்பைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். மேலே இருப்பவருக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம், அவருக்கு அது 'பிசி', அவ்வளவுதான்.

'ஓரடி'யில் இன்னும் நுட்பமான வித்தியாசம். ஆர்மில் சும்மா ஓரடி வைத்தால் இடையில் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் குறுக்கீடு) வந்து உங்களை வேறெங்கோ கூட்டிக்கொண்டு போகலாம். ரிஸ்க்-ஃபைவில் ஓரடி வைக்கும்போது இன்டரப்ட் இயல்பிலேயே அடங்கியிருக்கும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய, ஆர்மில் டிஎச்சிஎஸ்ஆரில் இன்டரப்டை அடக்கும் பிட் 3ஐ முதலில் வைத்து, பிறகு தனியாக இன்னொரு முறை எழுதி ஓரடி பிட்டை வைத்தேன். இரண்டையும் ஒரே முறையில் எழுதினால் என்ன நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

பிரேக்பாயின்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வன்பொருள் பிரேக்பாயின்ட் எத்தனை என்பதை சிப்பையே கேளுங்கள், எண்ணைப் புரோகிராமில் பதிக்காதீர்கள். ரேமில் மென்பொருள் பிரேக்பாயின்ட் வைக்கலாம், ஆனால் ரிஸ்க்-ஃபைவில் டிசிஎஸ்ஆர் என்ற ரெஜிஸ்டரில் அதற்கான பிட்டை ஏற்றாவிட்டால் ஈபிரேக் என்ற நிறுத்தும் ஆணை டிபக்கருக்கு வராமல் புரோகிராமின் டிராப் ஹேண்ட்லருக்கு (எதிர்பாராத நிகழ்வுகளைக் கையாளும் பகுதி) போய்விடும்.

படி 6: ஜிடிபியோடு பேசவைத்தல்

பன்னிரண்டு சொல்லும் தயார் என்றால், மேலே ஜிடிபி என்ற டிபக்கர் மென்பொருளின் மொழியைப் போர்த்தலாம். ஒவ்வொரு பாக்கெட்டும் டாலர் குறியில் தொடங்கி, செய்தி, பிறகு # குறி, கடைசியில் இரண்டு ஹெக்ஸ் இலக்கக் கூட்டுத்தொகை. எல்லா ரெஜிஸ்டரையும் கேட்கும் பாக்கெட்டில் இருப்பது சின்ன ஜி எழுத்து ஒன்று மட்டும். அதன் மதிப்பே ஹெக்ஸ் 67 என்பதால் கூட்டுத்தொகையும் 67. தெரியாத பாக்கெட் வந்தால் பதறாமல் $#00 என்று வெற்றுப் பதில் அனுப்புங்கள், ஜிடிபி புரிந்துகொள்ளும்.

பிசி மதிப்பு 10000234 என்றால் பாக்கெட்டில் 34020010 என்று பைட் திருப்பிப் போக வேண்டும். நிறுத்தச் சொல்லும் கன்ட்ரோல்-சி பாக்கெட்டாக வராது, 3 என்ற ஒற்றைப் பைட்டாக வரும். அதுவும் கோர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். ஆகவே கோர் நிற்கிறதா என்று பார்க்கும் சுற்றிலேயே ஜிடிபி பேசும் சாக்கெட் இணைப்பையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

படி 7: சோதனை

ஒரே சோதனை வரிசையை முதலில் ஆர்ம் புரோகிராம் ஏற்றி ஓட்டுங்கள், பிறகு ரிஸ்க்-ஃபைவ் புரோகிராம் ஏற்றி ஓட்டுங்கள். சோதனைப் புரோகிராமில் 'ஆர்ம் என்றால்' என்று ஒரு வரி எழுத வேண்டி வந்தால் இடைமுகம் எங்கேயோ ஒழுகுகிறது.

எங்களுக்கு ஒன்று மட்டும் தோற்றது. எல்லா ரெஜிஸ்டரிலும் ஒரு எண்ணை எழுதித் திரும்பப் படிக்கும் சோதனை. ஆர்மின் பொது ரெஜிஸ்டர்களில் தேறியது, ரிஸ்க்-ஃபைவில் முதல் ரெஜிஸ்டரிலேயே விழுந்தது. எக்ஸ்0 எப்போதும் பூஜ்யம், எதை எழுதினாலும் முனகாமல் விழுங்கிவிடும். "சோதனையில எக்ஸ்0ஐ மட்டும் விட்டுடலாமா மாமா?" என்றான். ரெஜிஸ்டர் பட்டியலில் 'எழுத முடியுமா' என்று இன்னொரு புலம் சேர்க்கச் சொன்னேன்.