தாய்லாந்தில் கே.ஜி. வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? முதல் சில வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்தில் மே மாதம் நடுவில் பள்ளி திறக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் கத்திரி வெயிலில் விடுமுறையில் இருக்கும்போது, அங்கே மழை தொடங்கி, மூன்று வயதுப் பிள்ளைகள் முதல்முறையாக அம்மாவின் கையை விட்டு வகுப்புக்குள் வருவார்கள். அந்த வகுப்புக்கு அங்கே ‘அனுபான்’ என்று பெயர். மூன்று வயதில் தொடங்கி மூன்று வருடம். நம் ப்ரீ.கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. மாதிரி.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து போய், வட தாய்லாந்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் அனுபான் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது புதிதாகப் போகிற பெண்கள் போன் பண்ணிக் கேட்பதெல்லாம் பாடத்தைப் பற்றித்தான். என்ன சிலபஸ், எத்தனை ரைம்ஸ் தெரிந்திருக்க வேண்டும், ஒர்க்‌ஷீட் இங்கேயே அச்சடித்துக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். நான் பார்த்தவரை, முதல் மாதத்தில் புது ஆசிரியைகள் தடுமாறுவது பாடத்தில் இல்லை. கழிவறை, தண்ணீர், தூக்கம், பெயர், கும்பிடு, இவற்றில்தான். குழந்தைக்கு உங்களிடம் பயம் விட்டுப்போன பிறகு ஆங்கிலம் தானாக வரும். அதற்கு முன்னால் பாடத்தைத் தொடங்குவதுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் வேர்.

அவர்கள் பேச்சில் பத்துச் சொல்கூடத் தெரியாமல் போவது

முதல் வாரத்தில் ஒருநாள், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “புவத் சீ, புவத் சீ” என்று மெதுவாகச் சொன்னான். கிரேயான் கேட்கிறான் என்று நினைத்து டப்பாவை நீட்டினேன். பெரியவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் பழக்கியிருப்பார்கள் போல, ஒரு பச்சைக் கிரேயானை எடுத்துக்கொண்டான். அப்புறம் அதே இடத்தில் நின்றபடியே கால்சட்டையை நனைத்துவிட்டான். அழவில்லை. கிரேயானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுக்கு வருகிறது என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் என் பக்கமே வரவில்லை.

“வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும்” என்று பள்ளியில் சொல்வார்கள். சரி, நீங்கள் ஆங்கிலமே பேசுங்கள். ஆனால் காதுக்கு அவர்கள் மொழி கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ‘ஹோங் நாம்’ என்றால் கழிவறை. ‘ஜெப்’ என்றால் வலி. ‘ஹியூ’ பசி, ‘ஹியூ நாம்’ தாகம். ‘க்லுவா’ என்றால் பயம். ‘மே’ அம்மா. விமானம் ஏறுவதற்கு முன்னால் இவ்வளவாவது கேட்டுப் பழகிக்கொண்டு போங்கள். ரைம்ஸ் போகிற வழியில் படித்துக்கொள்ளலாம்.

பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது

பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர்கள் நீளமாக இருக்கும். பெரும்பாலும் பாலி, சமஸ்கிருத வேர்கள் என்பதால் நமக்குப் படிக்கச் சுலபமாகக்கூடத் தோன்றும். அப்படிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. பிறந்ததிலிருந்து அதன் காதில் விழுந்தது இன்னொரு பெயர். நம் வீடுகளில் அம்மு, குட்டி, பாப்பா என்று கூப்பிடுகிறோமே, அதுபோல அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பெயர் உண்டு. பள்ளியிலும் அதுதான் புழங்கும். பிளாய் என்றால் ரத்தினக்கல், ஃபோன் என்றால் மழை, மூ என்றால் பன்றி. ஐஸ், பேங்க் என்றெல்லாம்கூட வைப்பார்கள். பன்றி என்று பெயரா என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் குண்டுப் பிள்ளையைக் கொஞ்சுவது போலத்தான் அதுவும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மொழியில் ஐந்து தொனிகள். ‘மை’ என்பதை ஒரு தொனியில் சொன்னால் பட்டு, இன்னொன்றில் சொன்னால் புதுசு. அதனால் பெயர்ப் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. வகுப்பில் இருக்கும் தாய்லாந்து ஆசிரியையை ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டு, ராத்திரி நாலு முறை கேளுங்கள். என் வகுப்பில் முப்பது பேர். ஐந்தாவது நாள் பார்க்காமல் முப்பது பெயரையும் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர்கள் என்னைச் சரியாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

அழுகிற பிள்ளையிடம் பொய் சொல்வது

முதல் இரண்டு வாரம் வாசலில் அழுகைதான். இதில் தவறு செய்வது ரொம்பச் சுலபம், ஏனென்றால் அந்த நேரத்துக்கு அது வேலை செய்கிறது. “அங்கே பார், மீன்!” என்று தொட்டியைக் காட்டி, பிள்ளை திரும்பிய நொடியில் அம்மாவைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அழுகை சீக்கிரம் நின்றுவிடும். மறுநாள் அந்தப் பிள்ளை அம்மாவின் கழுத்தைவிட்டு இறங்கவே இறங்காது. கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்று அதற்குப் புரிந்துவிட்டது. மீன் தொட்டியையும் இனி அது நம்பாது.

“அம்மா இப்போ வந்துடுவாங்க” என்பதும் அதே ரகம்தான். மூன்று வயதுக்கு ‘இப்போ’ என்றால் இப்போது. மூன்று மணி என்றாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. வரிசைதான் தெரியும். பால், விளையாட்டு, சோறு, பல் தேய்ப்பது, தூக்கம், அப்புறம் அம்மா. இதை ஆறு படமாக வரைந்து, பிள்ளையின் கண் எட்டும் உயரத்தில் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தில் ஒரு துணிக் கவ்வி மாட்டுவோம். நாள் முழுக்க அழுத ஒரு பெண் குழந்தை, மூன்றாவது நாள் கவ்வி மாட்டுகிற வேலையைத் தனதாக்கிக்கொண்டாள். மாட்டிவிட்டு, கடைசிப் படத்தைத் தொட்டு “மே” என்பாள். ஒரு நாளும் அந்தப் படம் பொய்யாகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அம்மாவுக்குப் பதில் பாட்டி வருகிற நாளில் காலையிலேயே அதையும் சொல்லிவிடுவேன்.

பெற்றோரிடமும் சொல்ல வேண்டியிருக்கும். கும்பிட்டு, கட்டிப்பிடித்து, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அப்புறம் ஜன்னலில் வந்து எட்டிப்பார்க்காதீர்கள் என்று.

குரல், கை, கால்

நம் ஊர் வகுப்பறையில் “ஏய், சத்தம்!” என்று ஒரு அதட்டல் போட்டால் அடங்கும். அங்கே அது எடுபடாது. ‘ஜாய் யென்’, அதாவது குளிர்ந்த மனசு, அங்கே பெரிய குணம். கத்துகிற ஆசிரியையைப் பார்த்து, இவருக்குத் தன்னையே அடக்கத் தெரியவில்லை என்று நினைப்பார்கள். அப்புறம் மரியாதை திரும்ப வராது. குரலைத் தாழ்த்திப் பேசினால் பிள்ளைகள் கேட்பதற்காகவே பக்கத்தில் வருகிறார்கள். நான் பாட்டாகவே சொல்லப் பழகிக்கொண்டேன். அடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2005-ல் வந்த கல்வி அமைச்சக விதிப்படி பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது. காதைத் திருகுவது, மெதுவாகத் தட்டுவது எல்லாமும் அடிதான். பழைய பழக்கத்தில் கை தானாக நீளும், கவனமாக இருங்கள்.

தலை அங்கே உடம்பின் உயர்ந்த இடம், கால் தாழ்ந்த இடம். தெரிந்த பெரியவர்கள் பிள்ளையின் தலையைத் தடவுவார்கள்தான். ஆனால் நேற்று வந்த நீங்கள் கொஞ்ச காலம் தோளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உருண்டு வந்த பந்தைக் காலால் தள்ளுவது, காலால் ஒன்றைச் சுட்டுவது, இவை ரொம்பத் தப்பு. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனாலும் ஒரு இடத்தில் தவறிவிடுவோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் மெத்தை விரித்து வரிசையாகத் தூங்குவார்கள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருமும். அவசரத்தில் நடுவில் படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டிவிடுவோம். நம் பாட்டிமார் பிள்ளையைத் தாண்டினால் வளர்த்தி நின்றுவிடும் என்று திரும்பத் தாண்டச் சொல்வார்களே, அங்கேயும் ஆளைத் தாண்டுவது பெரிய அவமரியாதை. மெத்தை போடும்போதே நடக்க வழி விட்டுப் போடுங்கள்.

உதவிக்கு இருக்கும் அக்காவை மறப்பது

அனுபான் வகுப்பில் பிள்ளைகளைக் கழுவிவிட, ஊட்டிவிட, தூங்கவைக்க ஒருவர் இருப்பார். ‘பீ லியாங்’ என்பார்கள். ‘பீ’ என்றால் அக்கா அல்லது அண்ணன். அவரைப் பெயருக்கு முன்னால் ‘பீ’ சேர்த்துக் கூப்பிடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, எது எப்போது வாந்தி எடுக்கும், யார் வீட்டில் அப்பா வெளியூரில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டிகிரி இருக்கிறது என்று அவரை வேலை ஏவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வகுப்பு கடைசிவரை அமைதியாகவில்லை.

ஜெபத்தில் அவசரப்படுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஊழியம் என்ற மனதோடு போகிறோம், நானும் அப்படித்தான் போனேன். தாய்லாந்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். பாங்காக் கிறிஸ்டியன் கல்லூரி என்ற மிஷன் பள்ளி 1852-ல் தொடங்கியது. அந்தக் காலம் முதல் மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவருகிற குடும்பங்களில் பெரும்பாலானவை பௌத்தக் குடும்பங்கள். நல்ல படிப்பு, ஒழுங்கு, ஆங்கிலம் என்று நம்பி அனுப்புகிறார்கள். நம் ஊர் கான்வென்ட்டில் நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நம்பிக்கைதான்.

என் வகுப்பில் பல பிள்ளைகளின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியிருக்கும். தாத்தா பாட்டியோ, புத்த பிக்குவோ ஆசீர்வதித்துக் கட்டிவிட்டது. கை கழுவிக் கழுவி அது சாம்பல் நிறமாகி, பெயிண்ட் ஒட்டி, ஈரமாகவே கிடக்கும். அழுக்காக இருக்கிறதே என்று ஒரு புது ஆசிரியை கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். சாயங்காலம் பாட்டி வந்து ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையின் வெறும் மணிக்கட்டைத் தன் விரலால் சுற்றிப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். அந்த ஆசிரியைக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனாலும் அது செய்யக் கூடாத காரியம். நூலைத் தொடாதீர்கள். கை கழுவிய பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள், போதும்.

ஜெபத்துக்குக் கை கூப்பாத பிள்ளையின் கையைப் பிடித்துக் கூப்பவைக்காதீர்கள். புத்தர் பெரியவரா இயேசு பெரியவரா என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். வேதாகமக் கதை சொல்லும்போது சிலுவையையும் ஜலப்பிரளயத்தையும் முதல் மாதத்தில் எடுக்காதீர்கள், நான்கு வயதுக்கு அது பயம் மட்டும்தான். காணாமல் போன ஆட்டின் கதையை எடுங்கள். ஒரு பிள்ளை மெத்தைக்குள் ஒளிய, மற்ற எல்லோரும் தேடிக் கண்டுபிடித்துக் கைதட்டுவார்கள். அம்மா வருவாளா என்று ஏங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, உன்னைத் தேடி ஒருவர் வருவார் என்று சொல்வதைவிட வேறென்ன நற்செய்தி வேண்டும்? எங்கள் வகுப்பில் அந்தக் கதையைத் தினமும் கேட்டார்கள்.

நம் நாக்கும் அவர்கள் காதும்

ஆங்கிலம் எடுக்கப் போகிற தமிழருக்கு ஒரு விஷயம். அவர்கள் மொழியில் மூச்சு விடாமல் சொல்கிற ‘ப’ வேறு எழுத்து, மூச்சுக் காற்றோடு சொல்கிற ‘ப’ வேறு எழுத்து. முதல் ‘ப’வில் ‘பா’ என்றால் எறி, இரண்டாவதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போ. நாம் ‘பென்’ என்று தமிழ் நாக்கோடு சொன்னால் அவர்கள் காதில் முதல் எழுத்து விழுகிறது. ஆங்கிலத்துக்கு வேண்டியது இரண்டாவது. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், தாள் ஆட வேண்டும். பிள்ளைகளுக்கும் தாள் ஆட்டுகிற விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்.

மழைக்காலக் காய்ச்சல்

பள்ளி திறப்பதும் மழையும் சேர்ந்தே வருவதால், கை, கால், வாய்ப் புண் நோய் அனுபான் வகுப்புகளில் பரவுகிற காலமும் அதுதான். உள்ளங்கை, பாதம், வாய்க்குள் சின்னக் கொப்புளங்கள், கூடவே காய்ச்சல். காலையில் வாசலிலேயே கையையும் வாயையும் காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். அதை வெறும் சடங்கு என்று நினைத்து வேகமாக உள்ளே அனுப்பாதீர்கள். இன்னொன்று, கை சுத்தத்துக்கு ஜெல் போதும் என்று இருக்காதீர்கள். இந்த நோயின் வைரஸ்மேல் ஆல்கஹால் ஜெல்லுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. சோப்பும் தண்ணீரும்தான். டம்ளரும் துண்டும் ஒருவருடையதை இன்னொருவர் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக: சுற்றுலா விசாவில் வந்து வேலையைத் தொடங்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கான விசா, வேலை அனுமதி, ஆசிரியர் உரிமம் மூன்றும் தனித்தனி. உரிமம் தருகிற அமைப்பின் பெயர் ‘குருசபா’, கேட்டவுடன் நமக்கு அர்த்தம் புரிந்துவிடும். படிவங்களில் வருடத்தை பௌத்த ஆண்டில் எழுதுவார்கள். நம் 2025 அங்கே 2568. பிள்ளையின் பிறந்த வருடத்தைப் படிக்கும்போது 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ‘வாய் க்ரூ’ வரும். ஆசிரியரைக் கும்பிடுகிற சடங்கு அது. ‘வாய்’ என்றால் கும்பிடு, க்ரூ என்பது நம் குருதான், வியாழக்கிழமையும் குருவின் கிழமைதான். பிள்ளைகள் முட்டிபோட்டு வந்து ஆசிரியைக்குப் பூத்தட்டு கொடுப்பார்கள். எங்கள் பள்ளியில் அதையே ஜெபத்தோடு நடத்தினோம். மரபுப்படி தட்டில் அறுகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெல்பொரி இருக்கும். மிதித்தாலும் மடியாத புல் பொறுமைக்கு, கூர்மையான மொட்டுள்ள இட்லிப்பூ புத்திக்கு, தலை கவிழ்ந்த கத்தரிப்பூ பணிவுக்கு. எல்லாமே நம் வீட்டு முற்றத்தில் கிடக்கிறவை. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்றைக்குப் புது ஆசிரியைகள் செய்கிற தவறு, கூச்சப்பட்டு எழுந்து நின்றுவிடுவது, அல்லது பிள்ளையைத் தூக்கி நிறுத்துவது. இன்னும் சிலர் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே இருங்கள், முகம் பிள்ளையின் முகத்துக்கு நேராக வரும்படி குனியுங்கள். என்னிடம் தட்டு கொண்டுவந்த வரிசையில் அந்தப் பச்சைக் கிரேயான் சிறுவனும் இருந்தான். தட்டு அவன் கைக்குப் பெரிது, பொரி சிந்திக்கொண்டே வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவன் என் காதருகே வந்து, “டீச்சர், ஹோங் நாம்” என்றான். தட்டை பீ லியாங்கிடம் கொடுத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.