குற்றமிழைத்த இளையோருக்குத் தற்பரிவைக் கற்பிப்பது எப்படி?

சட்டத்தை மீறிய ஓர் இளைஞரிடம் எடுத்த எடுப்பிலேயே "உன்மீது பரிவு காட்டு" என்று சொன்னால், அதை அவர் சலுகையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே முதலில் குற்றவுணர்வையும் அவமானத்தையும் பிரித்துக் காட்டுங்கள். "நான் செய்தது தவறு" என்பது குற்றவுணர்வு; "நானே கெட்டவன்" என்பது அவமானம். சிறையிலிருந்து விடுதலையானோரைத் தொடர்ந்து கவனித்து உளவியலாளர் ஜூன் டாங்னியின் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குற்றவுணர்வு மிகுந்தோர் மீண்டும் குற்றம் செய்வது குறைவாக இருந்தது. பழியைப் பிறர்மேல் போடும் போக்கோடு சேர்ந்த அவமானமோ குற்றத்துக்கே திரும்ப இட்டுச்செல்வதாகத் தெரிந்தது.

அடுத்து, உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் வரையறுத்த, தற்பரிவின் மூன்று கூறுகளை விளக்குங்கள்: தன்னிடம் கனிவு, தவறும் துன்பமும் மனிதர் அனைவருக்கும் பொது என்னும் உணர்வு, எழும் உணர்ச்சியை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் கவனித்தல்.

பிறகு, இதே தவறைச் செய்த நெருங்கிய நண்பனுக்கு என்ன எழுதுவாரோ, அதைத் தமக்கே கடிதமாக எழுதச் சொல்லுங்கள். அதில் பாதிக்கப்பட்டவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், கண்டிக்காமல், "அவருக்கு என்ன நேர்ந்தது, அதை ஈடுசெய்ய உன்னால் என்ன இயலும்?" என்று கேட்டு இன்னொரு பத்தி எழுதச் செய்யுங்கள். என் பார்வையில் இந்தப் பத்திதான் பயிற்சியின் உயிர். பொறுப்பேற்காத பரிவு வெறும் சாக்காகவே முடியும். எழுதத் தயங்குபவர் வாய்மொழியாகவும் சொல்லலாம்.

அடியும் வசையும் பட்டு வளர்ந்தவர்களுக்குக் கனிவான சொல்லே சில வேளைகளில் அச்சமூட்டும் என்பதால், அவர்களைக் கடிதத்துக்கு வற்புறுத்தாமல், நிதானமாக மூச்சுவிடப் பழக்குவதிலிருந்து தொடங்குங்கள். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு, அவரைத் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.