பழைய கத்திக்குப் புதுப் பிடி போடுவது எப்படி?

மடங்காத கத்தியை நம் கைக்கு ஏற்ப மாற்ற நினைப்பவர்கள் முதலில் பிடியில் கை வைப்பதுதான் நல்லது. அலகைத் தேய்த்து வடிவம் மாற்றப் போனால் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். அதை வீட்டில் திரும்பக் கொண்டுவருவது சிரமம். பிடி கெட்டால் இன்னொரு மரத்துண்டு, அவ்வளவுதான்.

இந்த முறை ஃபுல் டேங் கத்திக்கு மட்டும். அதாவது, அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஓடி, இரு பக்கமும் பலகை ஒட்டியிருக்க வேண்டும். பிடிக்குள் ஓடும் அந்த இரும்புப் பகுதிக்குத்தான் டேங் என்று பெயர்.

தேவையானவை: நன்றாகக் காய்ந்த மரப்பலகை 2 (தேக்கு, ரோஸ்வுட் போன்றவை, 8 முதல் 10 மி.மீ. தடிமன்), டேங்கில் உள்ள துளைக்குப் பொருந்தும் பித்தளைக் கம்பி, மெதுவாக இறுகும் எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை), அசிட்டோன், கிளாம்ப் 3, அரம், 80, 120, 220, 400 எண் உப்புத்தாள், முகக்கவசம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

1. அலகை மூடுங்கள். வெட்டும் விளிம்பில் அட்டையை மடித்து வைத்து, மேலே டேப் சுற்றுங்கள். கை கிழிவது பெரும்பாலும் இதைத் தள்ளிப்போடுபவர்களுக்குத்தான்.

2. பழைய பிடியைக் கழற்றுங்கள். ஆணித் தலையை டிரில் செய்து எடுத்துவிட்டு, மெல்லிய உளியால் பலகையை நெம்புங்கள். பசை விடவில்லையா? பிடிப் பகுதியைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகும். அந்தச் சூடு பதத்தைக் கெடுக்காது. நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள். எடுத்தவுடன் துடைத்துக் காயவையுங்கள். இல்லையென்றால் துரு பிடிக்கும்.

3. பலகையைச் சமப்படுத்துங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் 80 எண் தாளை ஒட்டி, பலகையின் உட்பக்கத்தை அதில் தேயுங்கள். டேங்கோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் திரும்பவும் தேயுங்கள். இந்த இடுக்கில்தான் பின்னால் தண்ணீர் புகுந்து பிடி கழன்று வரும். பசையை அள்ளிப் பூசி அதை அடைக்க முடியாது.

4. துளை போடுங்கள். டேங்கை ஒரு பலகை மேல் கிளாம்ப் செய்து, டேங்கின் துளை வழியாகவே டிரில் விடுங்கள். அடியில் வேண்டாத கட்டை ஒன்றை வையுங்கள், மரம் பிளவுபடாது. முதல் துளை விழுந்ததும் அதில் கம்பியைச் செருகிவிட்டுத்தான் அடுத்த துளைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பலகை நகர்ந்து, கடைசியில் கம்பி நுழையாது. மற்றப் பலகைக்கும் இதே முறை. பிறகு டேங்கின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, 2 மி.மீ. வெளியே தள்ளி அறுத்துவிடுங்கள்.

5. முன் விளிம்பை முதலிலேயே முடியுங்கள். புதியவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிடி அலகைத் தொடும் அந்த முன் விளிம்பை, ஒட்டிய பிறகு தேய்த்தால் அலகில் கீறல் விழும். இரண்டு பலகைகளையும் கம்பியில் கோத்துச் சேர்த்துப் பிடித்து, அந்த விளிம்பை மட்டும் 400 எண் தாள் வரை இப்போதே வழவழப்பாக்குங்கள்.

6. ஒட்டுங்கள். டேங்கையும் கம்பியையும் 80 எண் தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடையுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. எபாக்சியைப் பொதியில் சொன்ன அளவில் கலந்து, எல்லாப் பரப்பிலும் தடவி, கம்பிகளைச் செருகி கிளாம்ப் போடுங்கள். ஓரங்களில் பசை லேசாகப் பிதுங்கினால் போதும். முழுப் பலத்தோடு முறுக்கினால் பசை மொத்தமும் வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். முன் விளிம்பில் வழிந்ததை அசிட்டோன் தொட்ட பஞ்சால் உடனே துடைத்துவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள்.

7. வடிவம் கொடுங்கள். முதலில் அரத்தால் மரத்தை டேங்கோடு சமமாக்குங்கள். பிறகு முனைகளை உருட்டுங்கள். அடிக்கடி கையில் பிடித்துப் பாருங்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே தேய்க்க வேண்டும். மெஷினில் தேய்ப்பவர்கள் பித்தளைக் கம்பியை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள், அந்தச் சூடு உள்ளே இறங்கிப் பசையை இளக்கும். பிறகு 120, 220, 400 என்று வரிசையாக வாருங்கள். 80-இலிருந்து நேராக 400-க்குத் தாவினால், எண்ணெய் பட்டதும் பழைய கீறல்கள் எல்லாம் பல்லைக் காட்டும்.

8. எண்ணெய் பூசுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மரநார் எழும்பி நிற்கும். காய்ந்ததும் 400 எண் தாளால் அதை நீவிவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக 3 முறை கொடுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.