பெருங்காயம், மாவு மில், தோசைக்கல்: சீலியாக் நோய் உள்ளவர்களுக்கான சமையலறைக் கையேடு

"நாமதான் சோறு சாப்பிடுறவங்க ஆச்சே, சப்பாத்தியை விட்டா முடிஞ்சுது" என்றுதான் சீலியாக் நோய் உறுதியான வீட்டில் முதலில் பேச்சு வரும். பரோட்டா, பூரி, ரவை, சேமியா, பிஸ்கட், பிரெட் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். ஆறு மாதம் போன பிறகும் சோர்வும் வயிற்றுப்போக்கும் விடவில்லை, ரத்தத்தில் டிடிஜி (இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) அளவு இறங்கவே இல்லை என்றால், சாம்பாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இது அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லி, ரை என்ற மேல்நாட்டுத் தானியம் ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகும். ரத்தசோகை மாத்திரைக்கு மசியாது, எலும்பு பலம் இழக்கும், பிள்ளைகள் வளராமல் நிற்பார்கள். இதற்கு மருந்து கிடையாது. பத்தியம்தான், அதுவும் ஆயுள் முழுக்க.

சோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சந்தேகம் வந்ததுமே கோதுமையை விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து ரத்தம் கொடுத்தால் முடிவு 'இல்லை' என்று வரலாம். முதல் சோதனை டிடிஜி-ஐஜிஏ. ஐஜிஏ என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தாலும் டிடிஜி சரியாக இருப்பதுபோலக் காட்டும். அடுத்தது எண்டோஸ்கோப்பி. குடல் பாதிப்பு திட்டுத் திட்டாக இருப்பதால், முன்சிறுகுடலில் குறைந்தது நான்கு இடத்திலாவது சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் ரத்தச் சோதனை அவசியம், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும்.

எவ்வளவு பட்டால் ஆபத்து?

ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் குடல் தாங்கும். 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் குளூட்டன் மட்டும் இரண்டரை கிராம் அளவுக்கு இருக்கும். அப்படியானால் 10 மில்லிகிராம் என்பது அந்தச் சப்பாத்தியை 250 துண்டாக்கினால் கிடைக்கும் ஒரு துணுக்கு. பலகையில் ஒட்டிய மாவே போதும். "ஒரு வாய்தானே" என்று அத்தை தட்டை நீட்டும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்காயம்

கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் காரம் அப்படியே தாங்காது என்பதால் மாவும் கோந்தும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. கட்டிப் பெருங்காயம், தூள் இரண்டிலும் இதே கதைதான். டப்பாவின் பின்பக்கம் சிறு எழுத்தில் பாருங்கள். அரிசி மாவு சேர்த்தது என்று எழுதியவை இப்போது கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். கிடைக்கும் வரை சாம்பாருக்குப் பூண்டு நான்கு பல், ரசத்துக்குச் சீரகமும் மிளகும் கூடுதலாகத் தட்டிப் போட்டால் ஒப்பேறிவிடும்.

டப்பாவை மாற்றினால் மட்டும் போதாது. பெருங்காயம் போகாத இடமே நம் சமையலில் இல்லை: சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல், முறுக்கு, அப்பளம். கடையில் வாங்கும் இவை ஒவ்வொன்றின் லேபிளிலும் 'கூட்டுப் பெருங்காயம்' என்று மட்டும் இருந்து, என்ன மாவு என்று இல்லாவிட்டால், அதைத் திரும்ப வைத்துவிடுவதே நல்லது.

மாவு மில்

உங்கள் மிளகாய்க்கு முன்னால் யாரோ ஐந்து கிலோ கோதுமை அரைத்திருப்பார்கள். எந்திரத்தின் கல்லிலும் துணிக்குழாயிலும் அந்த மாவு தங்கி, உங்கள் தூக்கில் விழும். முதலில் ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டினாலும் முழுதாகப் போகாது. ராகி, கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாமே குளூட்டன் இல்லாத தானியங்கள். ஆனால் மில்லில் இருந்து மாவாக வந்ததும் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது.

வீட்டில் அரைப்பதே வழி. சாம்பார் பொடிக்கு மல்லி 200 கிராம், வற்றல் மிளகாய் 100, துவரம்பருப்பு 50, கடலைப்பருப்பு 50, மிளகு 20, வெந்தயம் 10, மஞ்சள் 10. வறுக்கும் முன் மல்லியையும் பருப்பையும் முறத்தில் கொட்டிப் பரப்பிப் பாருங்கள். இரண்டிலும் முழுக் கோதுமை மணி ஒன்றிரண்டு அகப்படுவது சகஜம். மிக்ஸி ஜார் தனியாக இருக்கட்டும், ஏனென்றால் மூடியின் ரப்பர் வாஷருக்குள்ளும் பிளேடுக்கு அடியிலும் பழைய மாவு ஒளிந்திருக்கும்.

இடியாப்ப மாவுக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்துச் சலித்து, மிதமான தீயில் வறுங்கள். மாவைக் கிள்ளிக் கோலம் இழுத்தால் இழை அறுபடாமல் விழும், அதுதான் பதம். அதற்கு முன்பே இறக்கினால் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும்.

வீட்டுச் சாமான்கள்

எவர்சில்வர் பாத்திரம் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். தனியாக வைக்க வேண்டியவை: தோசைக்கல், சப்பாத்திப் பலகையும் கட்டையும், சல்லடை, மரக்கரண்டி, பொரிக்கும் எண்ணெய். வெண்ணெய், ஜாம் பாட்டிலுக்குள் பிரெட் தடவிய கத்தி போய் வந்திருந்தால் அதுவும் உதவாது. மற்றவர்களுக்குச் சப்பாத்தி உண்டு என்றால் இவருக்கான சமையலை முதலில் முடித்து மூடி வைத்துவிட்டு, பிறகு மாவைத் தொடுங்கள். காற்றில் பறந்த மாவு படிய நேரம் ஆகும்.

சத்து என்று பெயர் வைத்தவை

பாதுகாப்பானது என்று நினைத்து வாங்கும் பொருள்தான் அதிகம் ஏமாற்றும். ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ், ராகி பிஸ்கட் ஆகியவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. கடைச் சத்துமாவிலும் அங்கன்வாடி சத்துமாவிலும் கோதுமை சேரும். சம்பா கோதுமை நாட்டு ரகம்தானே என்று சிலர் சொல்வார்கள். அதிலும் குளூட்டன் உண்டு. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு ஒரே ஆலையில் புழங்கி வருவதால் முதல் ஒரு வருடம் தொடவே வேண்டாம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிப்படி 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 20 முதல் 100 வரை இருந்தால் 'லோ குளூட்டன்' என்பார்கள், அது நமக்கு ஆகாது.

ஓட்டலில், பந்தியில், கோவிலில்

ஓட்டலில் நம்பத்தக்கது இட்லி. சாம்பார் வேண்டாம், தாளிப்பில் பெருங்காயம் இல்லை என்று கேட்டுக்கொண்டு தேங்காய்ச் சட்னி, இல்லையென்றால் வீட்டு இட்லிப் பொடியைச் சின்ன டப்பாவில் எடுத்துப்போங்கள். தோசை தவறான தேர்வு. மொறுமொறுப்புக்காக மாவில் ரவையோ மைதாவோ சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்காவிட்டாலும், ரவா தோசை ஊற்றிய அதே கல்லை அதே துடைப்பத்தால் தேய்த்துத்தான் உங்களுக்கு ஊற்றுவார்கள். வடையும் அப்படித்தான், எண்ணெய் மைதா போண்டாவோடு பொது. சிக்கன் 65, சோயா சாஸ் ஊற்றிய எதுவும் வேண்டாம்.

பரிமாறுபவரிடம் 'குளூட்டன்' என்றால் புரியாது. "கோதுமை, மைதா, ரவை, சேமியா, பெருங்காயம் எதுவும் சேரக் கூடாது, டாக்டர் பத்தியம்" என்று சொல்லுங்கள். 'அலர்ஜி' என்றால் கொஞ்சம் சாப்பிட்டால் பழகிவிடும் என்பார்கள். பத்தியம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது.

கோவிலில் கேசரியும் புளியோதரையும் ஆகாது. பழனி பஞ்சாமிர்தம் வாழைப்பழம், வெல்லம், பேரீச்சை, தேன், நெய் சேர்ந்தது, தாராளமாகச் சாப்பிடலாம். கத்தோலிக்கர்களுக்கு நற்கருணை அப்பம் கோதுமைதான். குளூட்டன் குறைந்த அப்பத்துக்கும், திராட்சை ரசம் மட்டும் பெறுவதற்கும் திருச்சபையில் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா உப்புமா வரும் நாட்கள் உண்டு. மருத்துவர் கடிதத்தின் நகலைத் தலைமையாசிரியரிடமும் சமையல் செய்பவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். தலைமையாசிரியர் மேசையிலேயே அது தங்கிவிடும் என்பதால்தான் இரண்டு நகல்.

பக்கத்தில் துணை தேடுவது

2016இல் வெளியான பல மாநில ஆய்வின்படி வட இந்தியாவில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கும், தெற்கே ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கும் இந்த நோய் இருக்கிறது. அதனால் இங்கே இதே நோய் உள்ள இன்னொருவரைத் தெருவில் சந்திக்க முடியாது. டெல்லியில் இயங்கும் சீலியாக் சொசைட்டி ஆஃப் இந்தியா நல்ல தகவல் தரும், ஆனால் வடக்கே கவலையெல்லாம் ரொட்டியைப் பற்றி; நம்முடையது சாம்பாரைப் பற்றி.

ஆகவே பெரிய மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவில், குழந்தை என்றால் குழந்தைகள் குடல் நோய்ப் பிரிவில், உணவியல் நிபுணரைத் தனியாகப் பாருங்கள். "சீலியாக் நோயாளிகள் எத்தனை பேரைத் தொடர்ந்து பார்க்கிறீர்கள்?", "பெருங்காயத்துக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் வந்தால் சரியான இடம். உங்கள் எண்ணை விட்டுவிட்டு, மற்றக் குடும்பங்கள் விரும்பினால் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். நோயாளியின் விவரத்தை அவர்கள் தர மாட்டார்கள், உங்களுடையதைக் கொடுப்பதில் தடை இருக்காது.

சென்னை என்றால் சவுக்கார்பேட்டைக்கு ஒரு நடை போய் வரலாம். வடக்கத்திய குடும்பங்கள் விரதத்துக்கு வாங்கும் குட்டு (பக்வீட்), ராஜ்கிரா (தண்டுக்கீரை இன விதை), சிங்காடா (நீரில் விளையும் ஒரு கொட்டை) மாவுகள் அங்கே கிடைக்கும், எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. மூட்டையில் இருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள், சீல் வைத்த பாக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.

ஐந்து குடும்பம் சேர்ந்தாலே வாட்ஸ்அப் குழு பயன்படும். அதில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: பொருளின் பெயரை மட்டும் போடக் கூடாது, லேபிளின் பின்பக்கப் படமும் வாங்கிய தேதியும் சேர்ந்து வர வேண்டும். போன வருடம் அரிசி மாவு போட்டவர் இந்த வருடம் மைதாவுக்கு மாறியிருக்கலாம்.