நீராவிக் குழாய்க்கு ராக்வூல் சுற்றும்போது
மணலி, எண்ணூர் பக்கம் ராக்வூலுக்கு (பாறையை உருக்கி இழையாக்கிய, சூட்டைக் காக்கும் பஞ்சு) முதல் எதிரி உப்புக் காற்றும் மழையும்தான். லைனை நிறுத்தி, ஆறவிட்டு, துருவைச் சுரண்டி, சூடு தாங்கும் ப்ரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே சுற்றுங்கள். 100 மி.மீ. கனம் வேண்டுமானால் 50 மி.மீ. வீதம் இரண்டு அடுக்கு. இரண்டின் இணைப்பும் ஒரே நேரில் வரக்கூடாது. 25 செ.மீ.க்கு ஒரு கட்டு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியில். இறுக்கி நசுக்காதீர்கள்: இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது.

மேலே அலுமினியத் தகடு, ஒரு விளிம்பு மற்றதன் மேல் 50 மி.மீ. ஏறும்படி மூடவும். நீளவாக்கு விளிம்பு பக்கவாட்டில் கீழ்நோக்கியே இருக்கட்டும். உச்சியில் வைத்தால் ஐப்பசி மழை நேரே உள்ளே இறங்கும். நனைந்த ராக்வூல் சூட்டைக் கடத்தும், தகட்டுக்குள்ளேயே குழாயை அரிக்கவும் விடும். வால்வு, ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) ஓரங்களில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் கட்டாயம். நனைந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் வெட்டவே கூடாது.